கொடியும் கூச்சலும்: பொறியியல் மாநாடுகளும் சொல்லின் நேர்மையும்



பொறியியல் மாநாடுகளின் தரத்தைப் பற்றி ஒரு மொழியியலாளர் பேசுவானேன் என்னும் வினா, அழைப்பிதழைக் கண்ட பலருக்கு எழுந்திருக்கலாம். நமக்கும் எழுந்தது. பாலத்தின் பாரக் கணக்கோ மின்சுற்றின் நுட்பமோ நாம் கற்றவை அல்ல. ஆயினும் பொறியியல் ஆய்வுலகில் அண்மையில் வெளிப்பட்ட பெரும் மோசடி ஒன்றைக் காட்டிக்கொடுத்தவை கணக்குகள் அல்ல, சொற்கள். அந்த வகையில் இது நம் துறையின் எல்லைக்குள்ளும் வருகின்றது.

பிரான்சு நாட்டின் துலூஸ் நகரத்துக் கணினி அறிஞர் கியோம் கபனாக், கிரெனோபிள் நகரத்து சிரில் லபே, அவர்களுடன் அலெக்சாந்தர் மகசினோவ் ஆகிய மூவரும் 2021-ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். அச்சேறிய அறிவியல், பொறியியல் கட்டுரைகளில் விந்தையான ஆங்கிலத் தொடர்கள் காணப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அவற்றுக்கு 'வதைபட்ட தொடர்கள்' என்று பெயரிட்டனர். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்', அதாவது செயற்கை நுண்ணறிவு, என்று வர வேண்டிய இடத்தில் 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று இருந்தது. தமிழில் சொன்னால் கள்ள உணர்வு. 'பிக் டேட்டா' என்பது 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. மிகவும் புகழ்பெற்றது 'சிக்னல் டு நாய்ஸ்' என்பதற்கு வந்த மாற்று. குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்பது மின்னணுப் பொறியியலின் அரிச்சுவடி. அது 'ஃபிளாக் டு கிளாமர்' என்று அச்சாகியிருந்தது. கொடிக்கும் கூச்சலுக்கும் உள்ள விகிதம்!

இது எவ்வாறு நேர்ந்தது? பிறர் கட்டுரையை அப்படியே எடுத்துத் தம் பெயரில் இட்டால், ஒப்புமை காணும் மென்பொருள் பிடித்துவிடும். அந்த மென்பொருள் பார்ப்பது சொற்களின் வரிசையை. வரிசையில் வரும் சொற்களுக்கு ஒருபொருட் பன்மொழிகளை இட்டு நிரப்பினால் அதன் கண்ணுக்குக் கட்டுரை புதியதாகிவிடும். இவ்வாறு மாற்றித் தரும் நிரல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. கொடியசைத்துக் குறிப்புணர்த்தும் வழக்கம் உண்டாதலின், சிக்னலுக்குக் கொடி என்பதும் அகராதியில் ஒரு பொருளாக நிற்கின்றது. நிரல் அதை எடுத்துக்கொண்டது. 'ரேண்டம் வேல்யூ' என்பதில் வேல்யூ ஓர் எண். நிரலோ மதிப்பு, மரியாதை என்ற பொருளைப் பற்றிக்கொண்டு 'இர்ரெகுலர் எஸ்டீம்' என்று எழுதியது. ஒழுங்கற்ற மரியாதை என்று நாம் பெயர்க்கலாம்.

இங்கே கூடியிருக்கும் தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. பலபொருள் ஒருமொழி, ஒருபொருட் பன்மொழி என்று நாள்தோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தொல்காப்பியர் திரிசொல்லை வகுத்தது இந்த இரு கூறுகளாகத்தான். நம்மிடம் எஞ்சியுள்ள நிகண்டுகளுள் மிகப் பழையதாகிய சேந்தன் திவாகரத்தில் பல்பெயர்த் தொகுதிகள் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. யானைக்கு எத்தனை பெயர், கடலுக்கு எத்தனை பெயர் என்று மனப்பாடம் செய்த மரபு நம்முடையது. பா இயற்றுவோர்க்கு அது பெருஞ்செல்வம். எதுகைக்கு ஒன்று, மோனைக்கு ஒன்று என்று எடுத்து வைக்கலாம். யானை யானையாகவே இருக்கும்.

கலைச்சொல்லின் இயல்பு வேறு. ஆற்றல், திறன், விசை என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் மூன்றும் ஏறத்தாழ வலிமையையே குறிக்கும். இயற்பியல் பாடநூலில் ஆற்றல் ஜூலில் அளக்கப்படுவது. திறன் வாட்டில் அளக்கப்படுவது. விசை நியூட்டனில் அளக்கப்படுவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் நடை அழகு பெறாது, கணக்கு பொய்க்கும். நிறையும் எடையும் சந்தையில் ஒன்று, ஆய்வுக்கூடத்தில் இரண்டு. ஒரு துறையினர் கூடி, இச்சொல்லை இப்பொருளில் மட்டுமே ஆள்வோம் என்று செய்துகொண்ட உடன்பாடே கலைச்சொல். அந்த உடன்பாட்டை அறியாத ஒருவரோ ஒரு நிரலோ எழுதும்போது அது முதலில் கலைச்சொல்லில் வெளிப்பட்டுவிடுகின்றது. நன்னூலார் நூற்குற்றங்களைப் பத்தாக எண்ணினார்; அவற்றுள் ஒன்று வழூஉச்சொல் புணர்த்தல். அதை நாம் வெறும் நடைப்பிழையாகவே கற்பித்து வந்துள்ளோம். அது ஒரு களவுத் தடயமாகவும் ஆகக்கூடும் என்பதைக் கபனாக் குழுவினரின் பட்டியலைக் கண்ட பிறகே நாம் உணர்ந்தோம்.

எழுதியவரை விடுவோம். கொடிக்கும் கூச்சலுக்கும் உள்ள விகிதத்தை ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர் எங்கே போனார்? அமர்வுத் தலைவர் எங்கே? அவையில் அமர்ந்து கேட்டவர்கள் எங்கே?

இதற்கு விடை காண 2005-க்குப் போக வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் மூவர், கணினியியல் கட்டுரை போலத் தோன்றும் பொருளற்ற உரையைத் தானே எழுதும் நிரல் ஒன்றை ஆக்கினர். அதற்கு 'சைஜென்' என்று பெயர். அது எழுதிய கட்டுரை ஒன்றை, அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடக்கவிருந்த பன்னாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்பினர். கட்டுரை ஏற்கப்பட்டது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய செய்திதான். ஆனால் ஏற்கப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் எவரும் அதைப் படித்துப் பாராட்டிவிடவில்லை. உரிய காலத்துக்குள் கருத்துரை வந்துசேராமையால், மதிப்பீடு செய்யப்படாத கட்டுரை என்னும் வகையில் அதை ஏற்றுக்கொண்டனர். ஆள் வராவிட்டால் வாயில் திறந்தே கிடக்கும் என்பது அங்கே விதியாக இருந்தது. செய்தி பரவியபின் மாநாட்டார் அழைப்பைத் திரும்பப் பெற்றனர். மாணவர்களோ அதே விடுதியில் தனி அறை எடுத்து, பொருளற்ற படவில்லைகளைக் காட்டி உரையாற்றிவிட்டுத் திரும்பினர்.

அது ஒரு குறும்பு. பின்னால் வந்தது குறும்பன்று. அந்த நிரல் எழுதிய கட்டுரைகளைக் கண்டறியும் முறையைச் சிரில் லபே வகுத்தார். 2014-இல் அவர் தெரிவித்த தகவலின்பேரில், ஸ்பிரிங்கர் பதிப்பகமும் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பும் தம் தொகுப்புகளிலிருந்து 120-க்கும் மேற்பட்ட போலிக் கட்டுரைகளை நீக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் அவை மாநாட்டுக் கட்டுரைகள். 2022-இல் பிரிட்டனின் ஐ.ஓ.பி. பதிப்பகம் இரண்டு மாநாட்டுத் தொகுதிகளிலிருந்து மட்டும் 350 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் மேலும் ஏறத்தாழ 500 கட்டுரைகளையும் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. வதைபட்ட தொடர்கள் அங்கும் தடயமாயின.

இவற்றைக் கேட்கும்போது எழுதியவர்கள் மீது சினம் கொள்வது எளிது. நாம் அவ்வளவு விரைவாகத் தீர்ப்பு எழுத விரும்பவில்லை. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் வெளியிட்ட விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்னர் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றேனும் வெளிவந்திருக்க வேண்டும். மாநாடுகளிலோ கருத்தரங்குகளிலோ இரண்டு கட்டுரைகளேனும் படித்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆய்வாளரும் இரு மேடை ஏறியாக வேண்டுமென்றால் எத்தனை மேடைகள் தேவைப்படும்? தேவை எழுந்த இடத்தில் மேடைகளும் எழுந்தன. எந்திரவியல், உயிரித் தொழில்நுட்பம், மேலாண்மை, மொழி, இலக்கியம் யாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் மாநாடு. கட்டணம் செலுத்தினால் சான்றிதழ். 2022-ஆம் ஆண்டு விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. நம் கருத்தில் அது நல்ல முடிவு. ஆனால் வாழ்த்துரை, குத்துவிளக்கு, பொன்னாடை, நிழற்படம் என்று காலை கழிந்து, பிற்பகலில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கட்டுரைகள் ஓட்டப்படும் பழக்கம் எந்த அரசாணையாலும் வந்ததன்று. எந்த அரசாணையாலும் அது போய்விடாது. பொன்னாடைக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் மாநாடு, வினா விடைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி நம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இதுவரை சொன்னவை பிறர் குறை கூறுதலாக மட்டுமே நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்க் கணிமை தொடர்பான மாநாடு ஒன்றுக்கு நாம் மதிப்பீட்டாளராக இருந்தோம். ஒரு வார இறுதியில் பதினொரு கட்டுரைகள் வந்தன. திங்கட்கிழமை காலைக்குள் கருத்துரை வேண்டும் என்றார்கள். அவற்றுள் ஒன்று தமிழ்ப் பேச்சைக் கணினி உணர்ந்துகொள்வது பற்றியது. வட்டார வழக்கு ஒன்றின் ஒலிப்பதிவுகளைத் தரவாகக் கொண்டது. சுருக்கத்தைப் படித்தோம், முடிவுரையைப் படித்தோம், அட்டவணைகளைப் புரட்டினோம். 'தரவு செழுமையாக உள்ளது. ஏற்கலாம்' என்று எழுதி அனுப்பினோம்.

மாநாடு முடிந்து மலரும் வெளிவந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து, பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து மடல் வந்தது. அக்கட்டுரையின் மூன்றாம் பகுதி தம்முடைய முதுகலை ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தார். ஒலிப்பதிவு செய்தவர் அவர். வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பேசவைத்தவர் அவர். தம் ஆய்வேட்டின் பக்கங்களையும் மாநாட்டு மலரின் பக்கங்களையும் அருகருகே வைத்து அனுப்பியிருந்தார். நாம் அப்போதுதான் அந்த மூன்றாம் பகுதியை முதன்முதலாகப் படித்தோம்.

அவர் 'ஒலிப்பு வேறுபாடு' என்று எழுதிய இடத்தில் 'சத்த வித்தியாசம்' என்று இருந்தது. 'உயிர் நீட்டம்' என்பது 'ஜீவன் நீளம்' ஆகியிருந்தது. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்து இணைவதை 'மெய்ம்மயக்கம்' என்று தொடக்க வகுப்பு மாணவருக்கே சொல்லிக்கொடுக்கிறோம். மலரில் அது 'உண்மைக் குழப்பம்' என்று அச்சாகியிருந்தது. ஓரிடத்தில் அன்று, ஆறு இடங்களில்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பொறியாளர் ஒருவர் அதைத் தவறவிட்டிருந்தால் மன்னிக்கலாம். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, வாழ்நாள் முழுதும் அதைக் கற்பித்த ஒருவர் தவறவிட்டதற்குக் காரணம் ஒன்றுதான். படிக்கவில்லை. அந்த ஆசிரியை தம் மடலின் இறுதியில், 'ஐயா, மலரில் மதிப்பீட்டாளர் பட்டியலில் தங்கள் பெயர் உள்ளது. தாங்கள் இதைப் படித்தீர்களா?' என்று கேட்டிருந்தார். அவருக்கு உண்மையையே விடையாக எழுதினோம். மாநாட்டாருக்கும் எழுதினோம். இணையப் பதிப்பிலிருந்து கட்டுரை எடுக்கப்பட்டது. அச்சுப் படிகள் நூலகங்களில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் அந்த ஆசிரியையின் பெயர் எங்கும் இல்லை. நாம் செழுமை என்று பாராட்டியது அவருடைய உழைப்பை. யாருடையது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

மதிப்பீடு என்பது கவனமாகச் செய்தாலும் குறையுடையதே என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினி கற்றல் துறையின் பெரிய மாநாடுகளுள் ஒன்றாகிய நியூரிப்ஸ், 2014-இல் தன்னையே சோதித்துக்கொண்டது. வந்த கட்டுரைகளுள் பத்தில் ஒரு பங்கை, ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு கட்டுரைக்கு இரு குழுக்களும் மாறுபட்ட முடிவு சொல்லின. ஒரு குழு ஏற்றவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றை மற்றொரு குழு மறுத்தது. மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கட்டுரை திருப்பியனுப்பப்பட்டால் அது தலைகுனிவு அன்று. அதே சமயம், இந்தக் குறையைத் தானே அளந்து உலகுக்கு அறிவித்த மாநாட்டின் துணிவையும் கவனிக்க வேண்டும். தன் மதிப்பீட்டு முறையை இவ்வாறு சோதித்துப் பார்த்த தமிழ் மாநாடு எதையும் நாம் கண்டதில்லை.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. எழுதுவதைப் போலவே மதிப்பிடுவதையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தொடங்கியுள்ளனர். இங்கும் சொல்லே காட்டிக்கொடுத்தது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், செயற்கை நுண்ணறிவு மாநாடுகள் சிலவற்றின் மதிப்பீட்டுரைகளைச் சொல் எண்ணிக்கை முறையில் ஆராய்ந்தனர். 'கமெண்டபிள்', 'மெட்டிகுலஸ்', 'இன்ட்ரிகேட்' போன்ற பெயரடைகள் திடீரெனப் பெருகியிருந்தன. அம்மதிப்பீட்டுரைகளின் வாசகத்தில் 6.5 முதல் 16.9 விழுக்காடு வரை இயந்திரத்தால் பெரிதும் ஆக்கப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருக்கலாம் என்று கணித்தனர். இறுதி நாளை ஒட்டி வந்த உரைகளில் அந்த அளவு கூடியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் நாம் எழுதியனுப்பிய 'செழுமை' நினைவுக்கு வருகின்றது. அதை எழுத நமக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. 2025-இல் இன்னொரு படி கீழே இறங்கினார்கள். வெண்தாளில் வெண்ணெழுத்தாக, மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், 'நல்ல கருத்துரை மட்டும் தருக' என்று இயந்திரத்துக்குக் கட்டளையிட்ட கட்டுரை வரைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. படிப்பவர் மனிதராக இருக்கமாட்டார் என்னும் நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை. எழுத்து வரலாற்றில் இப்படியொரு நம்பிக்கை முன்பு இருந்ததாக நாம் அறியோம்.

மாநாடு என்றாலே இப்படித்தான் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரில் 1997-இல் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் அடுத்தது, 2000-இல் மீண்டும் சிங்கப்பூர், உத்தமம் அமைப்பு பிறந்தது அப்போதுதான், 2001-இல் கோலாலம்பூர். சென்னை மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதில் ககர விசையை இருமுறை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். ஏன்? தமிழில் ஒரே மெய் இரட்டித்து வரும்போது முன்னது ஒற்றாகத்தான் நிற்கும். உடனிலை மெய்ம்மயக்கம் என்னும் இலக்கண உண்மை ஒரு பொறியியல் வடிவமைப்பாயிற்று. இங்குள்ள மாணவர் பலரின் கைப்பேசியில் அந்த விசைப்பலகை இருக்கின்றது. மெய்ம்மயக்கத்தை 'உண்மைக் குழப்பம்' என்று எழுதியவரும், அதைப் படிக்காமல் ஏற்றவரும் கூடியிருந்தால் அந்தப் புள்ளி விழுந்திருக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒரு கட்டுரையோடு வந்து, மாநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டால், ஒப்புமை விழுக்காடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கட்டுரையில் ஏதேனும் ஐந்து கலைச்சொற்களைத் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் தம் சொல்லில் அவர் விளக்கட்டும். நாம் இதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. பெரும்பாலான மாணவர் இரண்டு சொல்லில் தடுமாறுவர். அது குற்றமன்று, அந்த இரண்டைச் சரிசெய்துகொண்டு மறுவாரம் வருவார்கள். ஐந்திலும் தடுமாறுபவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு, கடிந்துகொள்ளாமல் பேச வேண்டியிருக்கும். அவர்களுள் பலர் காலக்கெடுவுக்கு அஞ்சியவர்களாகவே இருந்தனர்.

மாணவர்களே, அழைப்பு அனுப்பும் மாநாட்டைப் பற்றியும் வினவுங்கள். குழுவில் பெயர் உள்ள பேராசிரியர் ஒருவருக்கு எழுதி, தாங்கள் இதில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். தம் பெயர் அதில் இருப்பதையே அறியாதவர்கள் உண்டு. இரண்டு நாளில் ஏற்புக் கடிதம் வந்தால் மகிழாதீர்கள். மதிப்பீட்டாளர் என்ன எழுதினார் என்று கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள். அது உங்கள் பெற்றோரின் பணம்.

நாம் இப்போது ஒரு மாநாட்டுக்கு மூன்று கட்டுரைகளுக்கு மேல் மதிப்பீட்டுக்கு ஏற்பதில்லை. இதனால் அழைப்புகள் குறைந்துவிட்டன. அந்த ஆசிரியை தம் தரவுகளை விரித்து இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறார். சென்ற ஆண்டு ஓர் இயலின் வரைவை நமக்கு அனுப்பினார். மூன்றாம் பகுதி உட்பட முழுவதையும் படித்தோம். இருபத்திரண்டு இடங்களில் கேள்வி எழுதியிருந்தோம். அவற்றுள் ஒன்பதை அவர் மறுத்து எழுதியிருக்கிறார். அந்த ஒன்பதில் ஆறு அவர் சொன்னதுதான் சரி. மற்ற மூன்றைப் பற்றி இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.